பரத்பூர் ரிக்ஷாக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

கேவலாதேவ் பறவைகள் பூங்காவின் வாசலில் விடியுமுன்னே வண்டியோடு வந்து நிற்கும் அண்ணன்மார்களுக்கு,



இந்த மடல் தமிழில் இருக்கிறது. உங்கள் கைக்கு வந்தால் யாராவது படித்துப் பொருள் சொல்ல வேண்டியிருக்கும். இருந்தாலும் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாஜ்மகால் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் குடும்பங்களில் பல ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூருக்கு உங்கள் ஊரை ஒட்டித்தான் போகின்றன. ஆக்ராவிலிருந்து பரத்பூர் சுமார் 55 கிலோமீட்டர்தான். வழியில் ஃபதேபூர் சிக்ரியில் இறங்கிச் சுற்றிவிட்டு, வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். கண் விழிக்கும்போது ஜெய்ப்பூர் நெருங்கியிருக்கும். தூக்கத்தில் கடந்துபோனது என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டித் தருகிறவர்கள் யார் என்பதும் தெரிய வேண்டும்.

நாங்கள் அங்கே இறங்கியது எங்கள் மகளால். மதுரை சாமநத்தம் கண்மாய்க்கரையில் பறவை பார்த்துப் பழகியவள். கோட்டையும் அரண்மனையும் நீங்கள் சொல்கிறபடி பார்க்கலாம், நடுவில் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று பயணத் திட்டம் போடும்போதே கேட்டு வாங்கிக்கொண்டாள். அரையாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி. நான், கணவர், மகள், கூடவே எழுபதைத் தாண்டிய என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. பூங்காவுக்குள் ஓர் எல்லைக்கு மேல் கார் போகாது, சைக்கிள் ரிக்ஷாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர் வரச் சம்மதித்தார்.

காலையில் ஒரே பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக உங்களில் மூத்தவர் ஒருவர் அத்தையைக் கைகொடுத்து ஏற்றினார், கம்பளியை அவர் முழங்காலுக்குமேல் இழுத்துப் போர்த்திவிட்டார். இன்னொரு வண்டியை ஓர் இளைஞர் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் பெரியவர் மிதிப்பதை நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் ஒரு பக்கம் விரலை நீட்டினார். அந்தப் பக்கம் வெறும் வெண்மை. சிறிது நேரம் கழித்து அதற்குள்ளிருந்து எக்காளம்போல ஒரு குரல் கிளம்பியது, அதன்மேலேயே இன்னொன்று. சாரஸ் கொக்கு ஜோடி என்றார். ஆண் நீட்டி ஒருமுறை குரல் கொடுத்தால் பெண் அதற்குள் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று கொடுத்துவிடும், கவனித்தால் எது ஆண் எது பெண் என்று பிரித்துவிடலாம் என்றார். எங்களுக்குப் பிரியவில்லை. அவர் அவசரப்படவில்லை. அடுத்த முறை குரல் எழும்வரை காத்திருந்து, நீண்டதற்கு ஒரு விரலையும் குறுகியதற்கு இன்னொரு விரலையும் அசைத்துக் காட்டினார். அப்போது பிரிந்தது. பறக்கிற பறவைகளிலேயே உலகில் உயரமானது சாரஸ். நிமிர்ந்து நின்றால் ஆள் உயரம் இருக்கும். அதன் உருவம் தெரிந்தது பனி விலகிய பிறகு, வெகுநேரம் கழித்து.

நான் நன்றி சொல்ல நினைப்பதில் அந்த நிறுத்தத்துக்குத்தான் முதலிடம். விடுமுறையில் கிளம்பினாலும் நாங்கள் கடிகாரத்தைக் கூடவே கொண்டுவருகிறோம். இத்தனை மணிக்கு இது, அத்தனை மணிக்கு அது. எங்கே போனாலும் பார்த்து முடிக்கத்தான் போகிறோம். உங்கள் வண்டியில் முடிப்பது என்ற பேச்சே எழவில்லை. மணிக்கணக்கில்தான் உங்கள் கூலி, அது வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. அதற்காகத்தான் அடிக்கடி நிறுத்துகிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒருமுறை உங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். நின்ற ஒவ்வோர் இடத்திலும் அங்கே ஏன் நின்றோம் என்பது பிறகு தெரிந்தது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்று அந்தப் பெரியவரே சொன்னார். ரிக்ஷாக்காரர்களுக்கான பயிற்சியில் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களைக் கற்றாராம். மீதியை ஆராய்ச்சியாளர்களையும் வெளிநாட்டுப் பயணிகளையும் ஏற்றிச் சுற்றிய காலத்தில் கற்றாராம். 370 வகைக்கும் மேல் பறவைகள் பதிவான இடம் உங்கள் பூங்கா. அதில் பெயர் தெரிவது ஒரு பகுதிதான். வாத்துக் கூட்டத்தில் ஊசிவால் எது, தட்டைவாயன் எது, கிளுவை எது என்று எங்கள் மகளும் சொல்வாள், புத்தகம் அவளிடமும் இருக்கிறது. ஆனால் அவர் நீரைப் பார்த்தே வானத்தைச் சொன்னார். பரவலாக மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் திடீரென்று நெருங்கி ஒரே திட்டாகச் சேர்ந்தபோது, மேலே பார், பெருங்கழுகு வருகிறது என்றார். நாங்கள் அண்ணாந்து தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பெரும்புள்ளிக் கழுகு ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சதுப்புப் பருந்து தாழப் பறந்தபோது அதே நாமக்கோழிகள் அவ்வளவாகப் பதறவில்லை என்பதையும் அவர்தான் கவனிக்கச் சொன்னார். இதற்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை. தினமும் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘தினமும்’ எங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பதை எங்களுக்கு ஒரு நாள் கடன் கொடுத்தீர்கள்.

இன்னொன்று. பகல் முழுவதும் மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடக்கும் சின்ன ஆந்தையை இளைஞர் காட்டினார். மகள் கேமராவோடு இறங்கப் போனாள். வேண்டாம் பெண்ணே, பாதையிலிருந்தே எடு என்றார். கிட்டப் போனால் அது இடம் மாறிவிடும், நாளைக்கு வருகிறவர்களுக்கு இருக்காது என்றார். அன்றைக்கு எங்களிடம் வாங்கப்போகும் கூலிக்கு அந்த ஆந்தையை நெருங்கிக் காட்டியிருந்தால் நாங்கள் இன்னும் மகிழ்ந்திருப்போம், கூடவும் கொடுத்திருப்போம். அவர் நாளை வரப்போகிற யாரோ ஒருவரை நினைத்தார், ஆந்தையையும் நினைத்தார். எங்கள் பக்கத்தில் சில ஏரிக்கரைகளில் நல்ல படம் வேண்டும் என்று கூட்டுக்குக் கீழேயே போய் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரையாவது உங்களிடம் அனுப்பிவைக்க ஆசை.

பனி விலகிய பிறகு அத்தை சொன்னதை எழுத வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே கரைமேல் பாதை, ஆங்காங்கே மடை. வண்டி ஒரு மடையைக் கடந்தபோது அவர், இது கண்மாய்தானே என்றார். நான் இந்தியில் பெரியவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். ஆமாம், மனிதர்கள் கட்டியதுதான் என்றார். 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் அஜான் என்ற இடத்தில் ஓர் அணைக்கரை போட்டார். கம்பீரி, பாணகங்கை ஆறுகளின் வெள்ளத்தை அது தேக்கியது. அங்கிருந்து வாய்க்காலில் இறங்கும் நீர் இந்தத் தாழ்வான நிலத்தில் பரவிப் பகுதி பகுதியாக நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆழம் ஓர் ஆள் உயரம்கூடக் கிடையாது. மொத்தப் பூங்காவே 29 சதுர கிலோமீட்டர், அதில் நீர் நிற்பது மூன்றில் ஒரு பங்குதான். மடையைத் திறப்பதும் அடைப்பதும் பார்த்து வளர்ந்த அத்தைக்கு அந்த நொடியிலிருந்து அது வேற்றூராக இல்லை. அவர் தமிழில் கேட்டார், பெரியவர் இந்தியில் பதில் சொன்னார், சில இடங்களில் நான் நடுவில் புக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகளின் குடியிருப்பு. எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்திலும் ஊருக்குள்ளேயே கூடு கட்டுகிற அதே நாரை. டிசம்பரில் குஞ்சுகள் ஏறக்குறைய தாயளவு வளர்ந்துவிட்டிருந்தன, பசிக்குக் கத்தி ஊரைக் கூட்டின. இத்தனை வாய்க்கும் மீன் எங்கிருந்து என்று அத்தை கேட்டார். அதற்குப் பெரியவர் சொன்ன பதிலில்தான் உங்கள் பூங்காவின் முழுக் கதையும் இருந்தது. ஆற்று வெள்ளம் வாய்க்காலில் வந்தால் மீன்குஞ்சும் கூடவே வரும் என்றார். மழைக்காலத்தில் வந்த குஞ்சு வளர்வதும் நாரைக் குஞ்சு வளர்வதும் ஒரே கணக்கு. குழாயில் வருகிற தண்ணீரில் மீன் வராது. நிறம் ஒன்றுதான், அது வெறும் தண்ணீர் என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது ஊர் திரும்பிய பிறகு படித்தபோது முழுதாக விளங்கியது. மேலே கம்பீரி ஆற்றில் பாஞ்சனா அணை வந்த பிறகு அந்த வெள்ளம் பூங்காவுக்கு வருவது அருகிவிட்டது. 2004-இல் பறவைகளுக்காக நீர் திறக்கக் கூடாது என்று அணைப் பக்கத்து விவசாயிகள் நின்றார்கள். அவர்கள் வயலும் காய்ந்துகொண்டிருந்தது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தஞ்சாவூரையும் வைகையையும் தெரிந்த யாருக்கும் அந்தச் சண்டை புதிதாக இருக்காது. அதைத் தொடர்ந்த வறட்சி ஆண்டுகளில் ஏரிகள் வெடித்துக் கிடந்தன, நாரைகள் கூடு கட்டவில்லை. பயணிகளும் வரவில்லை. உங்கள் சக்கரமும் நின்றது. பூங்காவுக்கு ஆண்டுக்குத் தேவை 550 மில்லியன் கன அடி என்று கணக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான் கேட்கிறது அந்த இடம். பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வந்தது, பறவைகளும் வந்தன. அந்தக் காய்ந்த ஆண்டுகளில் வேறு வேலை தேடிப் போயிருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்க முடியாது. போனவர்களும் இருப்பார்கள். நின்றவர்களால்தான் எங்களுக்கு அந்தக் காலை கிடைத்தது.

கேவலாதேவ் சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. மன்னர் காலத்து வாத்து வேட்டையின் கணக்கு. எந்த நாள், யார் விருந்தினர், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. 1938 நவம்பர் 12-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273. மகள் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் வேடந்தாங்கலில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள் என்பதைப் பெரியவரிடம் சொன்னேன். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம், அதனால் காத்தார்கள் என்றேன். அவர் வெகுநேரம் தலையாட்டினார். விவசாயிக்குத் தெரியும் என்றார்.

விடுதலைக்குப் பிறகு இந்த நீர்நிலையை வற்றவைத்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது நேருவரை போய் அதைக் காத்தவர் சாலிம் அலி. அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையம் மாட்டி வலசைப் பாதையை ஆராய்ந்தபோது, காயப்படாமல் பறவையைப் பிடித்துக் கொடுத்தவர் பீகாரின் மீர்ஷிகார் மரபில் வந்த அலி ஹுசைன். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்த குடும்பத்தின் கைத்திறன்தான் அந்த அறிவியலுக்கு அடியில் இருக்கிறது. உங்களையும் நான் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தை எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் நன்றி பாதியாகிவிடும். பூங்கா, தேசியப் பூங்கா ஆனபோது சுற்றியுள்ள ஊர்களின் எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று 1982-இல் தடை வந்தது. தலைமுறைகளாக மேய்த்த இடம். எதிர்த்தவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. சில ஆண்டுகளில் நடந்தது என்ன? எருமைகள் மேயாததால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பரவித் திறந்த நீரை மூடியது, வாத்துகளுக்கு இடம் குறைந்தது. டாக்டர் வி. எஸ். விஜயன் தலைமையில் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு, எருமைகளும் அந்த ஏரிக்கு வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர்தான் பின்னாளில் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார். ஊர்க்காரர்கள் சொன்னதை அறிவியல் ஒப்புக்கொண்டது. இறந்தவர்கள் திரும்பவில்லை. அந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்த ஊர்களிலிருந்து வந்து, அதே நிலத்துக்குள் எங்களைக் கூட்டிப்போய், அங்குள்ள பறவைகளை நேசத்தோடு காட்டுகிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இழப்பு எனக்குத் தெரியும் என்பதையாவது சொல்லிவைக்கிறேன்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் பெரியவர் பேசினார். அதை எங்கள் சிவகங்கை, ராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். சுற்றுவட்ட ஊர்மக்களே வெட்டி விறகுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்ட பிறகு பல இடங்கள் திறந்தவெளியாயின என்றார். அத்தை உடனே, வேரோடு பிடுங்கினார்களா என்று கேட்டார். வேரோடு என்றார் அவர். அத்தைக்குத் திருப்தி.

சைபீரியக் கொக்கைப் பற்றிக் கேட்டது மகள். வெள்ளை உடல், சிவந்த முகம், பறக்கும்போது மட்டும் தெரிகிற கரிய இறகு நுனி. மேற்குச் சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக 5,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து உங்கள் ஏரிக்கு வந்து, சேற்றில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்று குளிர்காலத்தைக் கழித்தவை. 1960-களில் இருநூறு வரை வந்தவை குறைந்துகொண்டே போய், 2002-இல் கடைசி ஜோடி வந்து போனது. வழியில் வேட்டை, வழியில் வற்றிய ஏரிகள். எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பே அந்த வருகை நின்றுவிட்டது. பெரியவர் ஒரு திட்டைக் காட்டி, இங்கேதான் நிற்கும் என்றார். மூன்று பேர், அப்பா அம்மா பிள்ளை, தள்ளித் தள்ளி மேயும், வேறு குடும்பம் கிட்ட வந்தால் விரட்டிவிடும் என்றார். மகள் பைனாகுலரை அந்தத் திட்டின்மேல் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். அங்கே ஒரு நீலத்தாழைக்கோழி மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் அவளுக்கு இழப்பு என்பது இப்படி ஓர் இடத்தோடும் ஒரு குடும்பத்தோடும் சொல்லப்பட்டதில்லை.

இப்போது மின் ரிக்ஷாக்களும் பூங்காவுக்குள் வரத் தொடங்கியிருப்பதாக அறிகிறேன். மிதிவண்டியின் நிதானம் போய்விடுமே என்று எங்களைப் போன்ற பயணிகள் வருத்தப்படுவார்கள். எனக்கு உங்கள் முழங்கால்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வண்டி எதுவானாலும் நிறுத்தத் தெரிந்தவர் ஓட்ட வேண்டும். பறவை தெரிந்தவர்களுக்கே அந்த உரிமம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் வாசகர்களுக்கும் இரண்டு வார்த்தை. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஆக்ரா போகிறவர்கள் பரத்பூரில் ஓர் இரவு தங்குங்கள். விடியற்காலை வாசலுக்குப் போய்விடுங்கள், கனமான ஸ்வெட்டர் கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு என்று பேசாதீர்கள், குறைந்தது அரை நாளுக்குப் பேசுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்கலாம். அவற்றில் சில கூந்தன்குளம் வரைக்கும் வருகின்றன என்பதை உங்களை ஓட்டிச் செல்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாங்கள் அதைச் சொன்னபோது பெரியவர் இளைஞரை அழைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அண்ணன்மார்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். சைபீரியக் கொக்கு எந்தத் திட்டில் நின்றது, எந்த ஆண்டு வெள்ளம் எந்த மாதம் வந்தது, எந்தக் கடம்ப மரத்தில் எந்தக் கழுகு கூடு கட்டியது என்பதெல்லாம் உங்களில் மூத்தவர்களின் நினைவில் இருக்கிறது. ஆய்வறிக்கைகளில் எண்ணிக்கை இருக்கிறது, இந்த விவரம் எல்லாம் இருக்காது. உங்கள் பிள்ளைகளிடம் கைபேசி உண்டு. வண்டி ஓடாத மழைக்கால மதியங்களில் பெரியவர்களைப் பேசவிட்டு, அவர்கள் குரலிலேயே, அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்து வையுங்கள். எங்களை ஓட்டிவந்த அந்த இளைஞரிடம் மகள் இதைச் சொல்லியிருக்கிறாள். செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அத்தை உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடனும் கடப்பாட்டுடனும்,
மதுரையிலிருந்து வந்துபோன ஒரு குடும்பத்துக்காரி